'ரேம்பன்ட் குரோத்'னு பாராட்டி மெயில் அனுப்பப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

டிப்ளோமா முடிச்ச கையோட, கன்டென்ட் ரைட்டர் வேலைக்கு ஒரு கம்பெனிக்கு அப்ளை பண்ணினேன். கவர் லெட்டர்ல முதல்ல எழுதினது 'ரேபிட் குரோத்'. எல்லாரும் எழுதுற வார்த்தையாச்சேன்னு போன்ல சினானிம் தேடினேன். வரிசையா வந்து விழுந்ததுல 'ரேம்பன்ட்' கண்ணுல பட்டுச்சு. அர்த்தம் பார்த்தா, 'கட்டுக்கடங்காத' வளர்ச்சி. அட, இதைவிட பெரிய பாராட்டு என்ன வேணும்? 'ஐ அட்மையர் த ரேம்பன்ட் குரோத் ஆஃப் யுவர் கம்பெனி'ன்னு தட்டி அனுப்பிட்டேன்.

இன்டர்வியூவில் எதிரே இருந்த மேடம் அந்த வரியை வாசிச்சுக் காட்டிட்டு, சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க... "நாங்க வளர்றது உங்களுக்குப் பிடிக்கலையாம்மா?"

வேலை கிடைக்கலை. அந்த ஒரு வார்த்தையாலதான்னு சொல்ல மாட்டேன். ஆனா, அந்தச் சிரிப்பு இன்னும் மறக்கலை. நீங்களும் அப்படி மாட்டிக்கக் கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை.

தப்பு எங்கே நடந்தது?

தமிழ்ல 'கட்டுக்கடங்காத' என்பது ரெண்டு பக்கமும் போகும். கட்டுக்கடங்காத கோபமும் உண்டு, கட்டுக்கடங்காத மகிழ்ச்சியும் உண்டு. 'ரேம்பன்ட்' அப்படியில்லை. அது பெரும்பாலும் கெட்ட விஷயங்களோடுதான் சேரும். ரேம்பன்ட் கரப்ஷன், ரேம்பன்ட் இன்ஃப்ளேஷன், ரேம்பன்ட் கிரைம்... இப்படித்தான் செய்திகளில் வரும். 'ரேம்பன்ட் ஹானஸ்டி'ன்னு சொன்னா அது கிண்டல். அதாவது, 'இதைத் தடுத்திருக்கணும், யாரும் தடுக்கலை' என்கிற புகார் அந்த வார்த்தைக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கு.

பின்னங்காலில் நிற்கும் சிங்கம்

பழைய பிரெஞ்சு மொழியில் 'ராம்பே' என்றால் ஊர்ந்து ஏறுதல். சரிவான பாதையை 'ரேம்ப்'னு சொல்றோமே, அதுவும் இதே குடும்பம்தான். ஐரோப்பிய அரச குடும்பங்களின் சின்னங்களில், பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால்களை ஓங்கிக்கிட்டு நிற்கும் சிங்கத்துக்குப் பேரே 'லயன் ரேம்பன்ட்'. மஞ்சள் துணியில் சிவப்புச் சிங்கம் இருக்கிற ஸ்காட்லாந்து அரசக் கொடியை அந்த ஊர் ரசிகர்கள் மேட்ச்சுல பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. செல்சீ கிளப் லோகோவில் கோலைப் பிடிச்சு நிற்கிற சிங்கமும் இந்த வகைதான். பாய்றதுக்குத் தயாரா நிற்கிற, யாராலும் அடக்க முடியாத மிருகம். இந்தப் படத்தை மனசுல வெச்சுக்கோங்க, அர்த்தம் மறக்காது.

நம்மகிட்டயே இருக்கு!

இதுக்குச் சரியான தமிழ் நம்ம வாயிலேயே இருக்கு: 'தலைவிரித்தாடுது'. லஞ்சம் தலைவிரித்தாடும், பஞ்சம் தலைவிரித்தாடும். 'எங்க ஊர்ல கல்வி தலைவிரித்தாடுது'ன்னு யாராவது சொல்வாங்களா? அங்கே சிங்கம், இங்கே விரிச்ச கூந்தல். ஆனா, ரெண்டிலும் இருக்கிற பயம் ஒண்ணுதான். அதனால சினானிம் தேடுறப்போ, வெறும் அர்த்தத்தைப் பார்க்காம, அதே தொனியில் நாம தமிழ்ல என்ன சொல்வோம்னு யோசிங்க.

வைட்ஸ்பிரெட்: 'பரவலா'. நல்லது, கெட்டது ரெண்டுக்கும் வரும். வானிலை மையம் 'வைட்ஸ்பிரெட் ரெயின்'னு சொன்னா, அந்தப் பகுதியில் இருக்கிற மழை அளவீட்டு நிலையங்களில் 76 சதவிகிதத்துக்கு மேல் மழைன்னு அர்த்தம். இதுல திட்டும் இல்லை, பாராட்டும் இல்லை.

ரைஃப்: 'மலிஞ்சு கிடக்கு'. பெரும்பாலும் கெட்டதுக்குத்தான். ஒரு சின்ன இலக்கணம் இருக்கு. 'கரப்ஷன் இஸ் ரைஃப்' சரி, 'ரைஃப் கரப்ஷன்' சரிவராது. ரேம்பன்ட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, முன்னாடியும் வரும், பின்னாடியும் வரும்.

அன்பிரைடில்டு: பிரைடில் என்றால் குதிரைக்குப் போடுற கடிவாளம். 'கடிவாளம் இல்லாத' என்று அப்படியே தமிழ்ல வந்துடும். பேராசைக்கும் சொல்லலாம், சந்தோஷத்துக்கும் சொல்லலாம்.

ரன்அவே: பிடி நழுவி ஓடுறது. எதிர்பாராம வசூலை அள்ளுற படம் 'ரன்அவே ஹிட்', அது பாராட்டு. 'ரன்அவே இன்ஃப்ளேஷன்' அப்படியே எதிர்ப்பக்கம். ஜிம்பாப்வேயில் விலைவாசி ஏறின வேகத்தில், 2009 ஜனவரியில் 100 லட்சம் கோடி டாலர் நோட்டையே அச்சடிச்சாங்க. அந்த விலைவாசியை 'ரேம்பன்ட்'னும் சொல்லலாம். ஆனா, அந்த ஹிட் படத்தைச் சொல்ல முடியாது.

லக்ஷூரியன்ட்: செடி, கொடிக்கு 'தழைச்சு நிற்குது'. உங்க வீட்டு மாடித்தோட்டம் லக்ஷூரியன்ட். ஏரியை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரை ரேம்பன்ட். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்தச் செடியை, ஊதாப் பூவோட அழகுக்காகத்தான் பல நாடுகளுக்கு எடுத்துட்டுப் போனாங்க. சூழல் வாய்ச்சா ரெண்டு வாரத்திலேயே அது ரெட்டிப்பாகிடும். ரெண்டுமே பச்சைதான். ஒண்ணை ரசிக்கிறோம், இன்னொண்ணை அகற்ற ஜே.சி.பி கூப்பிடுறோம்.

பர்ஜனிங்: துளிர்விட்டு வளர்றது. தொழில், மார்க்கெட், திறமை எல்லாத்துக்கும் தைரியமா போடலாம். நான் அன்னிக்குத் தேடின வார்த்தை இதுவாத்தான் இருந்திருக்கணும்.

ஒரே ஒரு விதிவிலக்கு

ஸ்போர்ட்ஸ் பக்கங்களில் மட்டும் ரேம்பன்ட் பாராட்டா மாறும். ஃபுட்பால்ல ஒரு டீம் 5-0னு அடிச்சு நொறுக்கினா, அந்த டீமை 'ரேம்பன்ட்'னு எழுதுவாங்க. எதிரணிக்கு அடக்க முடியலைன்னு அர்த்தம். தோத்த டீமோட இடத்தில் இருந்து பார்த்தா, அங்கேயும் அதே சிங்கம்தான்!

அனுப்புறதுக்கு முன்னாடி...

உச்சரிப்பில் அழுத்தம் முதல் அசையில்: 'ரேம்'பன்ட். அடுத்து, புதுசா ஒரு வார்த்தை கிடைச்சா, மெயில்ல போடுறதுக்கு முன்னாடி அதை நியூஸ் சர்ச்ல தட்டிப் பாருங்க. பக்கத்துல எந்தெந்த வார்த்தை வருதுன்னு 10 தலைப்பு படிச்சாலே போதும். ஊழல், போதை, கொள்ளைன்னு வந்தா, அந்த வார்த்தையை ஹெச்.ஆருக்கு அனுப்பாதீங்க.

உங்களை இப்படிக் கவுத்துவிட்ட இங்கிலீஷ் வார்த்தை எது? கமென்ட்ல சொல்லுங்க. தனியா சிரிச்சுக்கிட்டு இருக்கேன், துணைக்கு ஆள் வேணும்!