“பட்டணத்துல நமக்கு என்ன வேலை?” – கிள்ளானிலிருந்து ஒரு நாள் உலா

பள்ளி விடுமுறை வந்தால் நம் வீடுகளில் இரண்டு குரல்கள் தவறாமல் கேட்கும். “எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க” என்று பிள்ளைகள் கேட்பார்கள். “பட்டணத்துல நமக்கு என்ன வேலை? காசுக்குப் பிடிச்ச கேடு” என்று பெரியவர்கள் சொல்வார்கள். காப்பார் பக்கம் தோட்டத்தில் பல ஆண்டுகள் பால்மரம் வெட்டிய என் பாட்டி இரண்டாம் ரகம். கிள்ளான் கோயிலுக்கு முதல் ஆளாகப் புறப்படுவார். கோலாலம்பூர் என்றால் கால் வலி வந்துவிடும்.

கடந்த விடுமுறையில் ஒருவழியாக அவரையும் அழைத்துக்கொண்டு குடும்பமாகப் போய்வந்தோம். பேரங்காடிக்குள் நுழையாமல், கைக்கு அடக்கமான செலவில், சாப்பாடு, இசை, பூங்கா எல்லாவற்றையும் ஒரே நாளில் அனுபவிக்க முடியும் என்பதை அன்று கண்டோம். எப்படி என்பதைப் பார்ப்போம்.

நமக்கும் கோடை உண்டா?

நான்கு பருவங்கள் நம் நாட்டில் இல்லை. ஆனாலும் மே மாதக் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மழை குறையும், வெயில் ஏறும். நம் ஊர்க் கோடை இதுதான். டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான் எல்லாம் குவிவதும் இந்தச் சமயத்தில்தான்.

ஒரு பகுதியில் தொடர்ந்து 3 நாள்களுக்கு அதிகபட்ச வெப்பம் 35 முதல் 37 பாகை செல்சியஸ் வரை பதிவானால் மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடுக்கும். 37-ஐத் தாண்டினால் அது வெப்ப அலை. புறப்படும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. முதியோரையும் குழந்தைகளையும் நண்பகல் வெயிலில் நடக்க வைக்கக் கூடாது. காலையில் நடை, மதியம் நிழல், மாலையில் பூங்கா என்று நாளைப் பிரித்துக்கொண்டால் சிரமம் இருக்காது. மாலை இடிமழைக்கு ஒரு குடையும் பையில் இருக்கட்டும்.

தண்டவாளத்தின் கதை

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குக் கொமுட்டர் இரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இரயில்களுக்கு இடையே இடைவெளி அதிகம் என்பதால் முதல் நாளே நேர அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

சிலாங்கூரின் முதல் இரயில் பாதை 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை ஒட்டிய புக்கிட் கூடாவுக்கும் இடையே திறக்கப்பட்டது. கிள்ளான் ஆற்றைக் கடக்கப் பாலம் அமைந்த பிறகு, 1890-இல் பாதை கிள்ளான் நகருக்குள் வந்தது. பாதை வேலையில் தென்னிந்தியத் தொழிலாளர்கள் உழைத்தார்கள். நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் இலங்கைத் தமிழர்கள் பலர் இருந்தார்கள். இரயில்வேயை நம்பி வந்த அந்தக் குடும்பங்களால் உருவான தமிழ்ப் பகுதிதான் பிரிக்பீல்ட்ஸ்.

சென்ட்ரலிலிருந்து நடந்தே போய்விடலாம். அங்குள்ள முதன்மைச் சாலைக்கு ஜாலான் துன் சம்பந்தன் என்று பெயர். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி சேர்த்துத் தோட்டங்களை வாங்க, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் துன் வீ.தி. சம்பந்தன். பெயர்ப் பலகையைப் பார்த்ததும் பாட்டி நின்றுவிட்டார். “அந்தப் பத்து வெள்ளிய நானும் கட்டியிருக்கேன்யா” என்றார். அதற்குப் பிறகு கால் வலியைப் பற்றிப் பேச்சே இல்லை.

வயிற்றுக்கு

மதியத்துக்கு வாழையிலைச் சாப்பாடு. சோறும் காய்கறியும் மறுபடி கேட்டால் வைப்பார்கள். மீன், நண்டு, ஆட்டிறைச்சிக்குத் தனிக் கணக்கு. விலையை முன்னதாகக் கேட்டுவிட்டால் கல்லாவில் முகம் சுளிக்க வேண்டியிருக்காது. ஒட்டுக்கடைகளில் வடையும் வாழைப்பழப் பொரியலும் சூடாகக் கிடைக்கும். நம் இடியப்பம் இந்நாட்டில் ‘புட்டு மாயாம்’ என்ற பெயரில் தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையுமாக எல்லா இனத்தவரும் சாப்பிடும் பண்டமாகிவிட்டது.

வெயிலுக்குச் செண்டோலை மிஞ்ச ஒன்றுமில்லை. பண்டான் இலை மணக்கும் பச்சை மாவு இழை, தேங்காய்ப்பால், குலா மலாக்கா, துருவிய பனிக்கட்டி, இவ்வளவுதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இருந்தால் ‘கூராங் மானிஸ்’ என்று சொல்லிப் பாகைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரு கிண்ணத்தை இருவர் பகிர்ந்தாலும் ஆசை தீரும்.

டுரியான் சூடு, மங்குஸ்தீன் குளிர்ச்சி என்று இரண்டையும் சேர்த்து வாங்குவது பெரியவர்கள் வழக்கம். ஆனால் டுரியானை இரயிலில் ஏற்ற அனுமதி இல்லை. வீட்டுக்கு வேண்டுமென்றால் கிள்ளானில் இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.

காதுக்கு

நேரடி இசை என்றாலே விலை உயர்ந்த டிக்கெட் என்று நினைக்க வேண்டியதில்லை. இலங்கைத் தமிழர் எழுப்பிய ஸ்ரீ கந்தசாமி கோயில் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. விசேட நாள்களில் பூசை வேளைக்குப் போனால் நாதஸ்வரத்தையும் தவிலையும் பக்கத்திலிருந்தே கேட்கலாம். 1981-இல் தொடங்கப்பட்ட ‘டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்’ கலைக்கூடமும் இதே வட்டாரத்தில், ஜாலான் பெர்ஹாலாவில் உள்ளது. பரதமும் கர்நாடக இசையும் கற்பிக்கும் அங்கு அவ்வப்போது நிகழ்ச்சிகள் நடக்கும். தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அமைந்துள்ள இடமும் பிரிக்பீல்ட்ஸ்தான். தலைநகரின் நடைபாதைகளிலும் நிலையங்களுக்கு அருகிலும் பார்வையற்ற கலைஞர்கள் கீபோர்டு வாசித்துப் பாடுவதைக் கேட்கலாம். நின்று ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுப் பிள்ளை கையால் ஒரு வெள்ளியைப் போடச் சொல்லுங்கள். பாட்டு அவர்களின் தொழில் என்பது பிள்ளைக்கும் புரியும்.

மாலைக்கு

சென்ட்ரலிலிருந்து கிளானா ஜெயா வழித்தட எல்ஆர்டியில் 5-ஆவது நிலையம் கேஎல்சிசி. இரட்டைக் கோபுரத்தை ஒட்டிய 50 ஏக்கர் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. சிறுவர்களுக்கு ஆழமில்லாத நீர்க்குளம் உண்டு, திங்கட்கிழமை மூடியிருக்கும். மாற்றுத்துணி மறக்காதீர்கள். இருட்டிய பிறகு ஏரியில் வண்ண நீரூற்று ஆடும். அதைப் பார்க்கவும் காசு வேண்டாம்.

ரேப்பிட் கேஎல் ஒருநாள் பயண அட்டை மூன்று நான்கு முறை ஏறி இறங்குவோருக்குத்தான் இலாபம். போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்றால் தனி டோக்கனே மலிவு. அந்த அட்டை கொமுட்டரில் செல்லாது. கடைசி இரயில் எத்தனை மணிக்கு என்பதையும் குறித்து வையுங்கள்.

சைக்கிளில் போகவும் போராட வேண்டியிருந்தது

“நமக்கு என்ன வேலை?” என்ற கேள்வி சிக்கனத்தால் மட்டும் வந்ததல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளம், கல்வி, மருத்துவம், கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு வேறு இரண்டு கோரிக்கைகளும் இருந்தன. ஒன்று, உற்றார் உறவினர் தோட்டத்துக்குத் தடையின்றி வந்துபோக அனுமதி. மற்றொன்று, வெள்ளைக்காரத் துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை.

வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள்.

சொந்தபந்தம் வந்துபோகவும் சைக்கிளில் தலைநிமிர்ந்து போகவும் உரிமை கேட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தப் பயம் இன்னும் நம் வீட்டுப் பெரியவர்கள் சிலருக்குள் இருக்கிறது. ‘நமக்கு அங்கே இடமில்லை’ என்ற எண்ணத்தை அடுத்த தலைமுறைக்கும் கொடுத்துவிடக் கூடாது. விடுமுறை முழுக்க அடுக்குமாடி வீட்டுக்குள் கைப்பேசியோடு கிடக்கும் பிள்ளைக்கு, இந்த நகரம் தன்னுடையது என்று தோன்ற ஒரு நாள் உலாவே போதும்.

திரும்பும் இரயிலில் பாட்டி சன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். ஷா ஆலாம் தாண்டியதும், “அந்தத் தண்ணி ஆட்டத்தைச் சின்னவளும் பாக்கணும். அடுத்த தடவை அவளையும் கூட்டிட்டு வருவோம்” என்றார். சின்னவள் என்பது அவருடைய தங்கை. வயது 74.