15 லட்சம் ஆண்டுப் பழைய பட்டறை! ஊத்துக்கோட்டை கைவேலைக்காரர்களுக்கு நூலகத்தில் நாற்காலி கிடைக்குமா?

ஊத்துக்கோட்டை.

ஆகஸ்டு 7-ந்தேதி தேசிய கைத்தறி நாள். ஆகஸ்டு 12-ந்தேதி நூலகர் நாள். இரண்டுக்கும் நடுவே ஐந்தே நாள்தான் வித்தியாசம்.

கைத்தறி நாள் அன்றைக்கு நெசவாளருக்குப் பொன்னாடை. நூலகர் நாள் அன்றைக்கு ரங்கநாதன் படத்துக்கு மாலை. அதோடு இரண்டு கூட்டமும் தனித்தனியே கலைந்து வீட்டுக்குப் போய்விடும்.

இந்த இரண்டையும் சேர்த்து ஒரே விழாவாக எடுத்தால் என்ன? நூலகத்துக்குள்ளே கைவேலைக்காரரை அழைத்து உட்கார வைத்தால் என்ன? அப்படிச் செய்வதற்கு ஊத்துக்கோட்டையை விடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். காரணம், இந்த வட்டாரத்தில் கைவேலை தொடங்கி 15 லட்சம் ஆண்டு ஆகிறது!

கல்லிலே செய்த கோடரி

மிகைப்படுத்தவில்லை. கணக்கு விஞ்ஞானிகளுடையது.

பூண்டி ஏரிக்குப் பக்கத்தில், கொசஸ்தலை ஆற்றை ஒட்டி அத்திரம்பாக்கம் என்று ஒரு சின்ன ஊர். 1863-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ராபர்ட் புரூஸ் பூட், வில்லியம் கிங் என்ற இரண்டு வெள்ளைக்கார நிலவியல் அதிகாரிகள் அங்கே வந்தார்கள். அந்த ஆண்டு மே 30-ந்தேதிதான் பூட் துரை பல்லாவரத்தில் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்திருந்தார். அத்திரம்பாக்கத்தில் ஒன்றல்ல, ஏராளமாகக் கிடைத்தன.

வெறும் கல் என்று நினைத்துவிடக் கூடாது. குவார்ட்சைட் என்ற கடினமான கல்லை எடுத்து, இன்னொரு கல்லால் பக்குவமாகத் தட்டி, சில்லுச் சில்லாகப் பெயர்க்க வேண்டும். முதலில் ஒரு பக்கம், பிறகு திருப்பி மறுபக்கம். ஒரு தட்டு பிசகினால் கல் வீண். கடைசியில் உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி, நுனி கூராக, விளிம்பு கத்தி மாதிரி ஒரு கோடரி வரும். கைப்பழக்கம் இல்லாதவனுக்கு வராது. சொல்லிக் கொடுக்க ஆள் இருந்திருக்க வேண்டும். பார்த்துப் பழகச் சிறுசுகளும் இருந்திருக்க வேண்டும்.

அந்த இடத்தை சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் முதலான தொல்லியல் அறிஞர்கள் பல ஆண்டுகள் தோண்டி ஆராய்ந்தார்கள். 2011-ல் முடிவு வெளியானது. அங்கே கிடைத்த மிகப் பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு! நம்மைப் போன்ற மனிதன் உலகத்தில் தோன்றியதே சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால்தான். அதாவது, நமக்கும் முந்திய மனித இனம் ஒன்று இங்கே பட்டறை வைத்திருந்தது.

2018-ல் இன்னொரு முடிவு வந்தது. சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தொழில்நுட்பம் மாறிவிட்டது. பெரிய கோடரி போய், சின்னச் சின்ன நேர்த்தியான கருவிகள் வந்துவிட்டன. "மாடல்" மாற்றுவது அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது!

பூண்டியில் தமிழக அரசு தொல்லியல் துறை 1985-ல் ஒரு தொல்பழங்கால அருங்காட்சியகம் அமைத்தது. ஏரியைப் பார்க்கப் போகிறவர்கள் அதையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.

ஆற்றோடு போனால் லுங்கி

ஊத்துக்கோட்டை வழியாக ஓடுகிற ஆரணி ஆறு, பெரியபாளையத்தைத் தாண்டி, பொன்னேரி பக்கமாகப் போய், பழவேற்காட்டை நெருங்கிக் கடல் பக்கம் சேர்கிறது. வழியில் ஆரணி என்று ஒரு ஊர். பட்டுப் புடவைக்குப் பெயர்போன ஆரணி வேறு. அது திருவண்ணாமலை மாவட்டம். இது நம்ம ஆரணி. இங்கேயும் நெசவு உண்டு.

ஆற்றின் முடிவில் இருக்கிற பழவேற்காட்டின் பெயர்தான் கடல் கடந்து போனது. 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். எதற்கு? துணிக்கு! சோழமண்டலக் கரையின் துணியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். இந்தப் பக்கத்து நெசவாளர் நெய்த கட்டம் போட்ட துணி அங்கே பணம் மாதிரிச் செல்லுபடி ஆனது.

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் "பெலிகாட்" என்றுதான் பெயர். பழவேற்காட்டை வெள்ளைக்காரன் "புலிகாட்" என்றான். அது அங்கே "பெலிகாட்" ஆகிவிட்டது. சென்னை ஜவுளிக் கடையில் "பளையகாட் லுங்கி கொடுங்க" என்று கேட்பவர் வாயில் வருவதும் இதே ஊர்ப் பெயர்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மத்திய அரசின் தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது. துணி வாங்கிப் பணம் பண்ணியவர்களின் பெயரும் தேதியும் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறது. 300 ஆண்டு கழித்தும் படிக்கலாம். குழித்தறியில் இறங்கி உட்கார்ந்து, பாவு நீட்டி, கஞ்சி போட்டு, நாடா ஓட்டி அந்தத் துணியை நெய்தவர் பெயருக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு கல்லும் இல்லை.

மாவட்டத்தின் இன்னொரு கோடியில் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு பக்கம் போனால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். பெரும்பாலும் இப்போது விசைத்தறி. குழித்தறி வேலை தெரிந்தவர்களுக்கு வயதாகிறது. பிள்ளைகள் கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் கம்பெனிகளுக்கு பஸ் ஏறுகிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம். அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அப்பனுக்குத் தெரிந்த வேலை அப்பனோடு போய்விடுகிறது. வேலை மட்டுமா? பாவு, ஊடை, விழுது என்று தறி மேடையில் புழங்குகிற வார்த்தைகளும் கூடவே போகின்றன.

ஓலையில் எழுதினால் ஒன்று, முடைந்தால் ஒன்று

பழவேற்காட்டில் பெண்கள் பனை ஓலையில் கூடை, பெட்டி, விசிறி செய்கிறார்கள். குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயம் கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுத்து, மறுபடி காயவைத்துப் பிறகுதான் முடைய உட்கார முடியும். அகலம் நூல் அளவு மாறினாலும் பெட்டிக்கு மூடி சேராது. பார்ப்பவர்கள் "பத்து நிமிஷ வேலைதானே" என்று பேரம் பேசுகிறார்கள்!

நூலகத்துக்கும் ஓலைக்கும் சொந்தம் உண்டு. அச்சு வரும் முன்பு தமிழன் படித்ததெல்லாம் பனை ஓலைச் சுவடிதான். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் அந்த ஓலைகளைக் கண் போலப் பாதுகாக்கிறார்கள். அதே ஓலையில் பெட்டி முடைந்தால் சந்தையோடு சரி!

நூலகத்துக்கு வரி கட்டுவது யார்?

"நூலகம் படிக்கிற இடமாச்சே, அங்கே தறிக்கும் பானைக்கும் என்னங்க வேலை?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் இருக்கிறது.

முதல் பதில், பணம். 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூல் ஆகிறது. ரூபாய்க்கு 10 பைசா. வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் வரி கட்டினால் 100 ரூபாய் நூலகத்துக்கு. குயவர் கட்டுகிறார். தச்சர் கட்டுகிறார். டீக்கடைக்காரர் கட்டுகிறார். நூலகத்துப் படி ஏறாதவரும் கட்டுகிறார். அப்படியானால் அவருக்கும் அங்கே ஒரு நாற்காலி பாக்கி இருக்கிறது.

இரண்டாவது பதில், ரங்கநாதன். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலகப் படிப்புக்காக லண்டன் போயிருந்தபோது ஒரு கடையில் "மெக்கானோ" என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். ஓட்டை போட்ட தகடுகள், திருகாணிகள். மாற்றி மாற்றிப் பூட்டினால் பாலமும் ஆகும், வண்டியும் ஆகும். "புத்தகங்களையும் இப்படிப் பிரித்துச் சேர்த்து அடுக்கினால் என்ன?" என்று அவருக்குப் பொறி தட்டியது. அதில் பிறந்ததுதான் 1933-ல் வெளிவந்த அவருடைய நூல் பகுப்பு முறை. உலகம் பாராட்டிய நூலக முறைக்கு விதை, கையால் பூட்டிக் கழற்றுகிற ஒரு பொம்மை!

மன்னார்குடி பக்கம் மேலவாசலில் 1931-ம் ஆண்டு அக்டோபரில் மாட்டு வண்டியிலேயே நூலகம் ஓடியது. ஏற்பாடு செய்தவர் கனகசபைப் பிள்ளை. அவர் ஓய்வுபெற்ற என்ஜினீயர்.

கைவேலைக்காரரே நூலகம் உண்டாக்கிய கதையும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர். தொழில், கடைகளுக்கு போர்டு எழுதுவது. பழைய புத்தகம், நோட்டீஸ், நாடக விளம்பரம், கலியாணப் பத்திரிகை என்று எதையும் விடாமல் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து அந்தச் சேகரத்தைக் காப்பாற்றியது. இன்று சென்னை தரமணியில் இருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதுதான்.

வெளிநாட்டில் நடக்கிறது

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பயெட்வில் என்ற சின்ன ஊர் நூலகம், 2011-ல் பொருள் செய்கிற பட்டறை ஒன்றை உள்ளேயே திறந்தது. பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியில் 2018-ல் திறந்த "ஓடி" நூலகத்தில் தையல் மிஷின் வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் போய்ச் சட்டை தைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூர் பொது நூலகங்கள் சிலவற்றிலும் செய்து பழக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அங்கே கையால் செய்கிற பழக்கத்தை மறுபடி வரவழைக்க மிஷின் வாங்க வேண்டியிருக்கிறது. இங்கே செலவு குறைவு. ஆள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்!

என்ன செய்யலாம்?

கட்டிடம் வேண்டாம். ஒரு மேஜையும் ஒரு நீளமான நோட்டும் போதும்.

நோட்டிலே ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், தெரு, தொழில், யாரிடம் கற்றார், என்னென்ன கருவி, அந்தக் கருவிக்கு அவர் சொல்லும் பெயர், விலை, யாருக்குக் கற்றுக் கொடுத்தார். படிக்க வரும் மாணவர்களே கேட்டு எழுதலாம். ஒவ்வொரு நூலகத்துக்கும் வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. புரவலர்களும் உண்டு. கூட்டம் கூட்டுவது அவர்களுக்குக் கைவந்த கலை.

சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர் உட்கார்ந்து செய்து காட்டட்டும். பிள்ளைகள் பார்க்கட்டும். பத்துப் பேர் பார்த்தால் ஒருவனுக்காவது கை அரிக்கும்.

வரும்படிக்கும் வழி உண்டு. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023-ல் 18 தொழில்களுக்கு வந்தது. தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 2025-ல் தொடங்கியது. அதில் 25 தொழில்கள். 35 வயது ஆனவர்கள் 3 லட்சம் ரூபாய் வரை கடன் கேட்கலாம். நூற்றுக்கு 25 பங்கு, அதிகபட்சம் 50 ஆயிரம் ரூபாய், மானியம். கூடை முடைபவருக்கு இந்தத் தகவலைப் படித்துச் சொல்லி, மனு எழுதவும் உதவுகிற இடம் நூலகமாக இருந்தால் யாருக்கு நஷ்டம்?

கடைக்காரர்களுக்கும் லாபம்தான். கைத்தறி நாளும் நூலகர் நாளும் ஆடி மாதத்தில் வருகின்றன. பெரியபாளையம் பவானி அம்மன் கோவிலில் அப்போது கூட்டம் அலைமோதும். பிரதோஷம் என்றால் சுருட்டப்பள்ளிக்குப் போகிறவர்களும் ஊத்துக்கோட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும். பஸ்சுக்குக் காத்திருக்கிறவர், நூலகத்து வாசலில் நாலு கூடையும் ஒரு தறியும் தெரிந்தால் எட்டிப் பார்க்காமலா போவார்?

முதல் கைத்தறி நாள் விழா 2015-ல் சென்னைப் பல்கலைக்கழக மண்டபத்தில் நடந்தது. தொடங்கி வைத்தவர் பிரதமர். பெரிய மண்டபத்தில் ஒரு நாள் நடந்தது, சின்ன நூலகத்தில் ஐந்து நாள் நடக்கட்டும்.

அத்திரம்பாக்கத்தில் கல் கோடரி செய்தவன் பெயர் நமக்குத் தெரியப்போவதில்லை. அவன் எழுத்து பிறக்கும் முன் வாழ்ந்தவன். இன்றைக்கு ஓலை முடைகிற அம்மாவுக்கும் தறி ஓட்டுகிற பெரியவருக்கும் அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது. பேனா இருக்கிறது, நோட்டு இருக்கிறது, நூலகமும் இருக்கிறது. போய்க் கேட்டு எழுத வேண்டியதுதான் பாக்கி!