வரவேற்பறையில் ஒரு சிற்பம்

1986-இல் வெனிஸ் பியனாலே கலைக்காட்சியில் அமெரிக்காவின் அரங்குக்கு வந்தவர்கள் இரண்டு பொருள்களைக் கண்டு திகைத்தார்கள். வெளியே, வெள்ளைப் பளிங்கில் செதுக்கிய சுருள் சறுக்குமரம், ஏறிச் சறுக்கலாம். உள்ளே, வீட்டில் மாட்டும் காகித விளக்குகள். ‘சிற்பம் என்றால் என்ன?’ என்பதே அந்தக் காட்சியின் தலைப்பு. படைத்தவர் 81 வயது சிற்பி இசாமு நொகுச்சி.

ஜப்பானியக் கவிஞருக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த நொகுச்சி, 1951-இல் ஜப்பானின் கிஃபு நகருக்குப் போனார். காகித விளக்குகளுக்குப் பேர்போன ஊர் அது. போருக்குப் பின் நலிந்திருந்த அந்தத் தொழிலுக்குப் புத்துயிர் தர உதவுமாறு நகர மேயர் கேட்டுக்கொண்டார். அப்படிப் பிறந்தவைதான் ‘அகாரி’ விளக்குகள்.

செய்முறை பழையது. மரப்பலகைகளைச் சேர்த்து அச்சு அமைப்பார்கள். அதன்மேல் மெல்லிய மூங்கில் பிளாச்சைச் சுருளாகச் சுற்றி, முசுக்கொட்டை வகை மரப்பட்டையிலிருந்து எடுத்த காகிதத்தைப் பசை தடவி ஒட்டுவார்கள். காய்ந்ததும் உள்ளிருக்கும் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தால் கூடு மட்டும் மிஞ்சும். மடித்தால் தட்டையாகிவிடும்! மெழுகுவர்த்தி இருந்த இடத்தில் நொகுச்சி மின்விளக்கை வைத்தார். காகிதத்தின் மேல் தீட்டும் அலங்காரச் சித்திரங்களை விட்டுவிட்டார். உருண்டை, தூண், பெட்டி என நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களை உருவாக்கினார். எல்லாமே அவருக்குச் சிற்பங்கள்தாம். கல்லுக்குப் பதில் வெளிச்சத்தால் ஆனவை.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. அமெரிக்கக் கலைஞர் டொனால்டு ஜட், நாற்காலியும் மேசையும் தாமே வடிவமைத்தவர். ஆனாலும் அவை கலையல்ல என்பதில் உறுதியாக இருந்தார். 1960-களில் தம் சிற்பமொன்றை மாற்றி மேசையாக்கப் பார்த்தார். சிற்பமும் கெட்டது, மேசையும் உருப்படவில்லை, தூக்கி எறிந்துவிட்டார். ஆனால் 1968-இல் வாங்கிய ஐந்து மாடி நியூயார்க் கட்டடத்தில் கலையோடுதான் குடியிருந்தார். படுக்கையறையின் நீளம் முழுக்க கலைஞர் டான் ஃபிளேவினின் குழல்விளக்குப் படைப்பு. அருகிலேயே ஜட் வடிவமைத்த தாழ்வான மரக்கட்டில். எது கலை, எது கட்டில் என்ற தெளிவு அவருக்கு இருந்தது. இரண்டுக்கும் அவர் கொடுத்த அக்கறை ஒன்றே.

கியூபாவில் பிறந்த கலைஞர் ஹோர்ஹே பார்தோ, கலைக்கும் பயன்பொருளுக்கும் இடையிலான எல்லைக்கோட்டையே அழித்தார். லாஸ் ஏஞ்சலிஸின் சமகாலக் கலை அருங்காட்சியகம் அவரிடம் காட்சி கேட்டபோது, மலைச்சரிவில் ஒரு வீட்டையே கட்டினார். 1998-இல் சில வாரங்கள் அது பொதுமக்கள் பார்க்கும் கலைப்படைப்பாக இருந்தது. பிறகு அவரே அதில் குடியேறினார்.

அருங்காட்சியகத்தில் ஒரு படைப்பைச் சில நிமிடம் பார்க்கிறோம், தொடவும் முடியாது. வீட்டிலோ அது அன்றாடம் கைபட்டுப் பழகுகிறது. நொகுச்சி விரும்பியது இந்தப் பழக்கத்தைத்தான். கிஃபுவின் ஒஸெகி நிறுவனம் இன்றும் அகாரி விளக்குகளைக் கையால் செய்கிறது. நியூயார்க்கிலுள்ள நொகுச்சி அருங்காட்சியகம் 2018-இல் அவற்றைச் சிற்பங்களாகவே காட்சிக்கு வைத்தது. அதே விளக்குகளை அங்குள்ள கடையில் விலைக்கும் வாங்கலாம்.