ஒரு குரலின் ஐம்பது ஆண்டுகள்

இறக்கி வைத்தவர்கள் – 11

தாய்லாந்தின் காஞ்சனபுரியில், குவாய் ஆற்றுப் பாலத்தருகே, 1993 மார்ச் மாதத்தில் ஒரு நாள் எழுபது வயதைத் தாண்டிய இருவர் சந்தித்தார்கள். ஒருவர் ஸ்காட்லாந்துக்காரரான எரிக் லோமாக்ஸ். மற்றவர் ஜப்பானியரான தகாஷி நகசே. நகசே அருகில் வந்து குனிந்து வணங்கினார். உடம்பெல்லாம் நடுங்கியது. வருந்துகிறேன், வருந்துகிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். லோமாக்ஸ் ஜப்பானிய மொழியிலேயே அவருக்குக் காலை வணக்கம் சொல்லி நலம் விசாரித்தார்.

மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் காட்சியை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். காட்சி உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் ஐம்பது ஆண்டுகள் கிடக்கின்றன. மனத்தில் சுமையோடு வாழும் ஒருவருக்குப் பயன்படக்கூடியது அந்த ஐம்பது ஆண்டுகளின் கதை என்றுதான் நான் நினைக்கிறேன்.

லோமாக்ஸ் 1919இல் எடின்பரோவில் பிறந்தவர். சிறுவயதிலிருந்தே ரயில் பைத்தியம். எஞ்சின்களைப் பார்ப்பதற்காகவே ஊர் ஊராகப் போனவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் அதிகாரியானார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் கைதியானார். கடைசியில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடமும் ஒரு ரயில் பாதைதான். அன்று சயாம் எனப்பட்ட தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் காட்டை வெட்டிப் போட்ட, 415 கிலோமீட்டர் நீள மரண ரயில் பாதை.

காஞ்சனபுரி முகாமில் கைதிகள் சிலர் ரகசியமாக ஒரு வானொலிப் பெட்டி செய்திருந்தார்கள். போர் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். 1943 ஆகஸ்ட்டில் அது பிடிபட்டது. சம்பந்தப்பட்ட அதிகாரிகளை நிற்கவைத்து அடித்தார்கள். இருவர் அடியிலேயே இறந்தார்கள். லோமாக்ஸின் கைகள் இரண்டும் முறிந்தன. அவர் வரைந்து வைத்திருந்த ரயில் பாதை வரைபடமும் அகப்பட்டுவிட்டது. ஜப்பானிய ராணுவக் காவல் பிரிவு அவரை நாட்கணக்கில் விசாரித்தது. முகத்தில் தண்ணீரைப் பாய்ச்சி மூச்சுத் திணற வைத்தது.

அந்த அறையில் அடித்தவன் ஒருவன், பேசியவன் இன்னொருவன். பேசியவன் மொழிபெயர்ப்பாளன், இளைஞன். அடியாளின் கேள்விகளை ஆங்கிலத்தில் திருப்பித் திருப்பிச் சொன்னவன் அவன்தான். பிற்காலத்தில் லோமாக்ஸ் அதிகமாக வெறுத்தது அடித்தவனை அல்ல, இந்த மொழிபெயர்ப்பாளனைத்தான். தன்னுடைய சொந்த மொழியில் வந்த குரல் அது. கனவுகளில் விடாமல் பேசியதும் அதுவே.

போர் முடிந்து அவர் வீடு திரும்பியபோது தாய் இறந்துபோயிருந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டிருந்தார். முகாமில் அந்த இரு அதிகாரிகளைக் கொன்றதற்காக ஜப்பானியர் இருவர் போர்க்குற்ற விசாரணைக்குப் பின் தூக்கிலிடப்பட்டார்கள். சட்டப்படி நியாயம் கிடைத்தது. ஆனால் அதனால் லோமாக்ஸின் தூக்கம் திரும்பிவிடவில்லை. ‘அவனுக்குத் தண்டனை கிடைத்துவிட்டால் என் மனசு ஆறிவிடும்’ என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தண்டனை தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. பட்டவரின் உடம்புக்குள் நடப்பது வேறு கணக்கு.

திரும்பிய சில வாரங்களிலேயே திருமணம். பிறகு ஆப்பிரிக்காவில் வேலை, பின்னர் கிளாஸ்கோவில் பல்கலைக்கழக ஆசிரியர் பணி. வெளியிலிருந்து பார்த்தால் ஒழுங்கான வாழ்க்கை. வீட்டுக்குள் அவர் மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில் இறுகிப்போய்விடுவார். நடந்ததைப் பற்றி வாயே திறக்கமாட்டார். அந்த மௌனத்தோடு வாழ்ந்தவர்கள் முதல் மனைவியும் மகள்களும். அந்த மணவாழ்க்கை முறிந்தது. 2013இல் இந்தக் கதை திரைப்படமாக வந்தபோது அந்த முதல் குடும்பத்துக்கு அதில் இடமே இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. ஒருவர் இறக்கி வைக்காத சுமையில் பாதியைத் தூக்குகிறவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தானே!

1980இல் ஒரு ரயில் பயணத்தில் பட்ரீஷியாவைச் சந்தித்தார், பிறகு மணந்துகொண்டார். இரவில் அலறி எழும் கணவரைப் பார்த்து, ‘எல்லாம் போகட்டும், மறந்துவிடுங்கள்’ என்று சொல்லி அவர் சும்மா இருந்துவிடவில்லை, உதவி தேடினார். சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கு லண்டனில் சிகிச்சை தரும் ஓர் அமைப்பு பற்றித் தெரியவந்தது. அதைத் தொடங்கியவர் ஹெலன் பாம்பர். போர் முடிந்த 1945இலேயே, இருபது வயதில், பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குப் போய்ப் பிழைத்தவர்களின் அருகில் உட்கார்ந்து அவர்கள் சொன்னதைக் கேட்டவர் அவர். எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த லோமாக்ஸ் அங்கே போய் உட்கார்ந்தார். அவசரப்படுத்தாத, முகம் சுளிக்காத ஒருவர் எதிரே இருக்க, நடந்ததை முழுதாகச் சொல்லத் தொடங்கினார்.

நம் ஊர்ப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் இருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக நட்டு வைப்பார்கள். தோளுயரத்துக்கு நிற்கும்; தலைச்சுமையோடு வருகிறவர் யாரையும் கூப்பிடாமல் அதில் சுமையை இறக்கலாம், மறுபடி தூக்கிக்கொள்ளவும் செய்யலாம். கேட்கத் தெரிந்த மனிதர் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுதான். சுமையைப் பறித்துக்கொள்வதில்லை, தூக்கி எறியச் சொல்வதுமில்லை. பாரம் தலையில் இருக்கும்போது மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது.

இதற்கிடையில், 1989இல் நண்பர் ஒருவர் மூலம் ஒரு ஜப்பானிய ஆங்கில நாளிதழின் கட்டுரை லோமாக்ஸின் கைக்கு வந்தது. அதில் படத்தோடு இருந்தவர் நகசே. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர். போர் முடிந்ததும் இறந்த கைதிகளின் கல்லறைகளைத் தேடிப்போன நேச நாட்டுக் குழுவோடு அவரும் அந்தப் பாதை நெடுகச் சென்றிருக்கிறார். அப்போதுதான் தன் தரப்பு செய்தது என்னவென்று முழுதாகப் புரிந்திருக்கிறது. பிறகு பலமுறை தாய்லாந்து போனார், பாலத்தருகே ஒரு புத்தர் கோயில் கட்டினார், முன்னாள் கைதிகளைச் சந்தித்தார். விசாரணை அறையில் துடித்த கைதி ஒருவரின் நினைவு தன்னை விடவில்லை என்றும் எழுதியிருந்தார். அந்தக் கைதி தான்தான் என்று லோமாக்ஸுக்குப் புரிந்தது. ஒரே அறையின் கனவை இருவரும் இரண்டு மூலைகளிலிருந்து கண்டுகொண்டிருந்திருக்கிறார்கள்.

லோமாக்ஸுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. ஆள் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது என்ற வெறி. பழிவாங்கும் எண்ணத்தோடே சில காலம் இருந்தார். நகசே எழுதியிருந்த ஒரு நூலைப் படித்த பட்ரீஷியாவுக்கும் கோபம்தான். போர்க் கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது தான் மன்னிக்கப்பட்டதாக உணர்ந்ததாய் நகசே அதில் எழுதியிருந்தார். பட்ரீஷியா அவருக்கே கடிதம் எழுதினார். குறிப்பிட்ட அந்தக் கைதி இன்னும் உயிரோடு இருக்கிறார், அவர் உங்களை மன்னிக்கவில்லை, அப்படியிருக்க நீங்கள் எப்படி மன்னிக்கப்பட்டதாக உணர முடியும் என்று கேட்டார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அந்தக் கேள்விக்கு நகசே சமாதானம் சொல்லவில்லை. கேள்வி நெஞ்சில் தைத்ததை ஒப்புக்கொண்டு பதில் எழுதினார். அதன் பிறகுதான் பாலத்தருகே நடந்த சந்திப்பு.

அந்தச் சந்திப்பிலும் லோமாக்ஸ் ‘மன்னித்தேன்’ என்று சொல்லிவிடவில்லை. மறு ஆண்டு ஜப்பானுக்குப் போனார். தோக்கியோவில் யாசுகுனி போர் நினைவுக் கோயிலில் அந்த மரண ரயிலின் எஞ்சின் ஒன்றை மெருகேற்றிப் பெருமையாக நிறுத்தியிருப்பதைப் பார்த்தார். ரயில் எஞ்சின்களை நேசித்த அந்த மனிதருக்கு அது சகிக்கவில்லை. அதே பயணத்தில்தான் நகசேயோடு தனியறையில் அமர்ந்து, தான் எழுதிவந்த கடிதத்தைக் கொடுத்தார். நடந்ததை மறக்க முடியாது, ஆனால் உங்களை முழுமையாக மன்னிக்கிறேன் என்பது அதன் சாரம். ஒரு மனிதர் மேலிருந்த பகையைத்தான் அவர் இறக்கி வைத்தார். போரின் மீதும் அதைக் கொண்டாடுகிறவர்கள் மீதும் இருந்த கோபம் அவரிடமே இருந்தது, இருக்கவும் வேண்டும்.

ஆகவே, வீட்டில் அடிபட்ட பெண்ணிடம், ஏமாற்றப்பட்ட தம்பியிடம், ‘மனசுல வெச்சுக்காதே, பெரிய மனசு பண்ணு’ என்று உடனே சொல்லாதீர்கள். லோமாக்ஸுக்கு முதலில் சொல்வதைக் கேட்க ஆள் கிடைத்தது. பிறகு, தவறைத் தானே முகம் பார்த்து ஒப்புக்கொண்ட எதிரி கிடைத்தார். மன்னிப்பு அதற்கும் பிறகு, தனக்கான நேரத்தில் வந்தது. எல்லோருக்கும் ஒரு நகசே வாய்க்கமாட்டார். வாய்க்காதவர்கள் மன்னிக்காமலே வாழலாம், அது குறையில்லை. சொல்லவும் வழியில்லாமல் வாழ்வதுதான் கொடுமை.

அப்படி வாழ்ந்தவர்கள் அதே ரயில் பாதையில் ஏராளம். அங்கே வேலை செய்த போர்க்கைதிகள் 60,000க்கும் மேல். இறந்தவர்கள் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களோ 1,80,000க்கும் அதிகம். அவர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் இவர்களில் பெருந்தொகை. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் உண்டு. நம் ஆட்களுக்கு அப்படி இல்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதிய மொழிபெயர்ப்பாளர் யாருமில்லை. பிழைத்துத் திரும்பியவர்களை உட்காரவைத்துக் கேட்ட ஹெலன் பாம்பரும் இல்லை. மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள்தான் கேட்டார்கள். ஆர்.சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் அப்படி வந்தது. ‘அப்பா சயாமுக்குப் போனார், திரும்பவில்லை’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு வளர்ந்த பிள்ளைகளில் சிலர் இன்றும் எண்பது, தொண்ணூறு வயதில் இருக்கிறார்கள். மலேசியாவில் உங்களுக்கு உறவிருந்தால், அடுத்த முறை தொலைபேசும்போது வீட்டுப் பெரியவரிடம் சயாமைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள்.

(தொடரும்)