மண்ணில் வனையும் உண்கலம்

தமிழர் அடுக்களையில் மண்ணுக்கு என்றுமே இடமுண்டு. குழம்பு கொதிக்கச் சட்டி, தண்ணீர் குளிரப் பானை, பொங்கலுக்குப் புதுப்பானை என்று மண்பாண்டங்களோடு பழகியவர்கள் நாம். ஆயினும் உண்பதற்கு மட்டும் வாழையிலையையும் உலோகத் தட்டையும் நாடினோமேயன்றி மண் தட்டை நாடவில்லை. காரணத்தை ஊகிப்பது எளிது. குறைந்த வெப்பத்தில் சுட்ட செம்மண் பாண்டத்தில் நுண்துளைகள் மிகுதி. அவை எண்ணெயையும் குழம்பையும் உறிஞ்சிக்கொள்ளும். சமைக்கும் சட்டிக்கு அது பொருந்தும். எச்சில் படும் தட்டுக்குப் பொருந்தாது. வடநாட்டில் தேநீர் அருந்தியதும் குல்லடை எறிந்துவிடும் வழக்கத்தையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

இத்துளைகளை அடைக்க வழி உண்டு. தக்க களிமண்ணை 1200 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட்டால் அது கல்லைப்போல் இறுகும். மேலே கண்ணாடிப் பூச்சும் இட்டால், கழுவிக் கழுவி ஆண்டுக்கணக்கில் உண்ணலாம். இதுவே 'ஸ்டோன்வேர்' எனப்படும் கலம். வாழையிலை அரிதான வடநகரங்களில் வாழும் நேயர்கள், நம் சோற்றுக்கும் ரசத்துக்கும் ஏற்ற விளிம்புடைய தட்டைத் தம் கையாலேயே செய்துகொள்ள இயலும்.

திருகை அவசியமில்லை. களிமண்ணைக் காற்றுக் குமிழ் போகப் பிசைந்து, துணியின் மேல் வைத்து, இருபுறமும் கால் அங்குலக் கனமுள்ள சட்டங்களை இட்டு, சப்பாத்திக் குழவியால் பரப்புங்கள். ஒரே திசையில் உருட்டாமல், மண்ணை அடிக்கடி திருப்பிவிட வேண்டும். இல்லையேல் சூளையில் ஒருபக்கம் கோணிக்கொள்ளும். உலர்வதிலும் சுடுவதிலுமாக மண் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சுருங்கும். ஆகவே 10 அங்குலத் தட்டு வேண்டுவோர் 11½ அங்குல வட்டம் வெட்டுக. துணி விரித்த ஒரு பழைய தட்டின்மேல் அதைப் படிய வைத்து, விளிம்பைச் சற்றே உயர்த்தி, ஈரப் பஞ்சால் அழுத்தி வழவழப்பாக்குக. விளிம்புதான் முதலில் உலரும்; உலர்ந்து நடுப்பகுதியை இழுக்கும். அதனைத் தடுக்க விளிம்பைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒரு வாரம் நிழலில் ஆறவிடுக. அவசரப்பட்டு வெயிலில் வைத்த தட்டு விரிசல் காணும்.

அடுத்தது சூளை. வீட்டு அடுப்பின் வெப்பம் இதற்குப் போதாது. முதற்சூடு ஏறத்தாழ 900 முதல் 1000 டிகிரி. பின்னர்ப் பூச்சில் முக்கி, அடிப்பாகத்தைத் துடைத்து, 1200 டிகிரிக்கு மேல் இரண்டாம் சூடு. அடியைத் துடைக்காவிடில் பூச்சு உருகித் தட்டு சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். ஜப்பானில் பயின்று வந்த சர்தார் குருசரண் சிங் 1952இல் தில்லி புளூ பாட்டரியை நிறுவியது முதல், தலைநகரில் பலர் இக்கலையைக் கற்றிருக்கின்றனர். உத்தரப்பிரதேசத்துக் குர்ஜா பீங்கான் தொழிலுக்கே பெயர்பெற்ற ஊர். கட்டணம் பெற்றுக்கொண்டு பிறர் தட்டையும் சுட்டுத் தரும் கைவினைக் கூடங்களைப் பெருநகரங்களில் விசாரித்து அறியலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. "ஈயம் கலந்த பூச்சு" என்று கேட்டவுடன், 'ஈயச் சொம்பில் ரசம் வைத்தவர்கள்தாமே நாம்' என்று இருந்துவிடக் கூடாது. ரசம் வைப்பது வெள்ளீயம். பூச்சில் சேர்வதோ காரீயம். காரீயம் சேர்ந்த பூச்சு குறைந்த வெப்பத்திலேயே உருகிப் பளபளக்கும், எரிபொருளும் மிச்சம். புளி, எலுமிச்சை, தயிர் ஆகியவற்றின் புளிப்போ அந்த நஞ்சை மெல்ல மெல்ல உணவில் இறக்கிவிடும். நம் உணவில் புளிப்பில்லாத வேளை ஏது? காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லையென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதன் சுவையோ நிறமோ நமக்குத் தெரியாது. நூற்றுக்கு 4 பங்கு அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் கலத்தில் நிறுத்தி, அதில் இறங்கிய காரீயத்தை ஆய்வுக்கூடத்தில் அளப்பதே முறையான சோதனை.

ஆகவே பூச்சுப் பொடி வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: காரீயம் அற்றதா? காட்மியம் அற்றதா? எத்தனை டிகிரியில் உருகும்? உயர்சூட்டுப் பூச்சை உருக்கப் பெல்ஸ்பார் கல்லே உதவும், காரீயம் தேவைப்படாது. சூளையிலிருந்து வந்த தட்டின் பூசாத அடியில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் மண் இன்னும் இறுகவில்லை. பூச்சில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அதில் உணவு தங்கும். அத்தட்டைப் பழக்கூடைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். ஜெய்ப்பூரின் நீலப் பாண்டமும் களிமண்ணால் ஆனதன்று. படிகக்கல் பொடியும் கண்ணாடித் தூளும் கலந்து குறைந்த சூட்டில் சுடுவது. அது கண்ணுக்கு விருந்து. சோதனைச் சான்று இல்லாமல் அதில் சோறு இடுதல் வேண்டா.

மண்ணும் நெருப்பும் சரியாக அமைந்த தட்டில், புளிக்குழம்பும் மோருமாகக் குழந்தைகளுக்கு அச்சமின்றிப் பரிமாறலாம்.