மலையில் மாறும் ரத்தக் கணக்கு

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். கடற்கரையோடு ஒப்பிட்டால் அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அப்படியே. சனி, ஞாயிறு வந்துபோகிறவர்களுக்கு இது பொருட்டில்லை. ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையிலேயே வாழும் மலையாளி பழங்குடியினருக்கும் எஸ்டேட் தொழிலாளர்களுக்கும் நிலைமை வேறு. ஆக்சிஜன் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கும்; அதனால் அவற்றிலுள்ள ஹீமோகுளோபினின் அளவும் ரத்தத்தில் கூடும்.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆனால் இவ்வளவு உயரத்தில் வாழ்பவருக்கு, பரிசோதனையில் வந்த எண்ணிலிருந்து அரை கிராமாவது கழித்துப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சமவெளியில் 12.3 என்றால் கவலையில்லை. அதே 12.3 ஏற்காட்டுப் பெண்ணுக்கு வந்தால் அவருக்கு ரத்தசோகை இருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவது அநியாயம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை.

ஹீமோகுளோபின் உருவாக இரும்பு வேண்டும். சேலத்தை அடுத்த கஞ்சமலையில் இரும்புத் தாது நிறைய. நம் உடம்பில் இருப்பதோ மொத்தமே 3, 4 கிராம் இரும்பு. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில். சிவப்பணு சுமார் 120 நாள் உழைத்து ஓய்ந்ததும், மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் அதை உடைத்து இரும்பை மஜ்ஜைக்குத் திருப்பித் தருகின்றன. தினமும் இப்படிச் சுழல்வது 20 மில்லிகிராமுக்கு மேல். உணவிலிருந்து குடல் எடுத்துக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மிகுதியை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. அதனால் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் குடல்வாசலிலேயே அளவு பார்க்கிறது. மாதவிலக்கு, பிரசவம், வெறுங்காலில் ஏறும் கொக்கிப்புழு என ரத்தம் போய்க்கொண்டே இருந்தால், அந்த ஒன்றிரண்டு மில்லிகிராம் எப்படி ஈடுகட்டும்?

இங்கேதான் காபி குறுக்கே வருகிறது. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது. சாப்பாட்டோடு குடித்த காபி, இரும்பு சேர்வதை 39 சதவீதம் குறைத்ததாக 1983-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் அதே தடைதான். ஒரு மணி நேரம் முன்பே குடித்தபோது தடையே இல்லை.

காபியை விடவேண்டாம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்துவிடுங்கள். கீரை, பயறு சாப்பிடும்போது இரும்பு நன்றாகச் சேர நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேருங்கள். மலையில் வசிப்பவர்கள், ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டும்போது ஊரின் உயரத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.