தெளிப்பான் பேட்டரியைப் பரணில் பட்டினி போடாதீர்கள்

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிப் பாசன ஊர்களில், நவரை அறுவடை பங்குனி, சித்திரையில் முடிந்துவிடும். பேட்டரி தெளிப்பானைக் கழுவிக் கவிழ்த்து, தகரக் கொட்டகைப் பரணில் ஏற்றிவிடுவோம். சொர்ணவாரி போடாதவர்களுக்கு அதன் நினைவு மறுபடி வருவது சம்பாவில், புரட்டாசி வாக்கில்தான்.

அப்போது பயிரில் புகையான் தென்படுகிறது. நீரை வடித்து, தூரில் படும்படி மருந்து அடிக்க வேண்டும். மருந்தும் வாங்கியாயிற்று, ஆளும் வந்தாயிற்று. சுவிட்சைப் போட்டால் மோட்டார் முனகுகிறது. இரவு முழுவதும் சார்ஜ் போட்டாலும் அரை டேங்க் அடிப்பதற்குள் நின்றுவிடுகிறது. பேட்டரிக்கு ஓடிப் போய்த் திரும்பும் ஓரிரு நாளில் புகையான் அடுத்த பாத்திக்குப் பரவிவிடுகிறது.

"மட்டமான பேட்டரி" என்று கடைக்காரரைக் குறை சொல்லுவோம். ஆனால் உழைத்துத் தேய்ந்து கெடும் பேட்டரிகளைவிட, சும்மா கிடந்து கெடும் பேட்டரிகளே அதிகம். இது நம் கையில் உள்ள விஷயம்.

உள்ளே இருப்பது என்ன?

முதுகில் மாட்டும் தெளிப்பான்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி அளவுள்ள, மூடி முத்திரையிட்ட ஈய-அமில பேட்டரி இருக்கும். சில புதிய தெளிப்பான்களில் லித்தியம் பேட்டரி வருகிறது. அதற்குச் சார்ஜரும் வேறு, பராமரிப்பும் வேறு. எனவே பேட்டரியின் மேல் எழுதியிருப்பதை முதலில் படித்துக்கொள்ளுங்கள்.

ஈய-அமில பேட்டரியை 1859-ல் பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்தார். டிராக்டர் பேட்டரியும் இதே இனந்தான். ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட, 2 வோல்ட் அறைகள் ஆறு சேர்ந்து 12 வோல்ட் ஆகிறது. தெளிப்பான் பேட்டரியில் அமிலம் தளும்புவதில்லை. கண்ணாடி இழை விரிப்பில் ஊறி நிற்கிறது. சார்ஜ் ஆகும்போது உண்டாகும் வாயு உள்ளேயே மீண்டும் நீராகிவிடும். ஆகவே இதற்குத் தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை. மூடியை நெம்பித் திறக்காதீர்கள். அளவு மீறிச் சார்ஜ் செய்தால் வாயு, வால்வு வழியே வெளியேறிவிடும். அப்படிப் போன நீரைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

பட்டினி ஏன் ஆகாது?

பேட்டரி மின்சாரம் தரும்போது தகடுகளில் ஈய சல்பேட் என்ற உப்பு படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் கெட்டிப்பட்டுப் படிகமாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் முழுவதும் கரையாது. அந்த அளவுக்குத் தகடு பயனற்றுப் போகிறது.

உபயோகிக்காமல் வைத்தாலும் பேட்டரி தானாகவே இறங்கும். 25 டிகிரி வெப்பத்தில் மாதத்துக்கு ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் இந்த இழப்பு சுமார் இரு மடங்காகும். கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் 45 டிகிரி இருக்குமானால் மாதம் 12 சதவீதம் வரை போகும். முழுச் சார்ஜுடன் பரண் ஏறியதே நான்கு மாதத்தில் பாதியாகிவிடும். அரைகுறைச் சார்ஜுடன் ஏறியதன் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைய சார்ஜ் அன்றே

தறியில் இழை அறுந்தால் நெசவாளர் நாளைக்கு என்று விடுவதில்லை. அப்போதே முடிந்துவிட்டுத்தான் அடுத்த ஊடை போடுவார். பேட்டரிக்கும் அதுவே சட்டம். ஒரு டேங்க் அடித்திருந்தாலும் அன்றே சார்ஜ் போடுங்கள். "முழுதும் தீரட்டும், பிறகு போடலாம்" என்பது இந்தப் பேட்டரிக்குப் பொருந்தாது.

வயலிலிருந்து வந்ததும் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். பின்பு நிழலான, காற்றோட்டமுள்ள திண்ணையில் வைத்துச் சார்ஜ் செய்யுங்கள். அடுப்பு, விளக்கு அருகில் கூடாது. பெட்டிக்குள் மூடி வைத்தும் கூடாது. வெளியேறும் வாயு தீப்பற்றக் கூடியது. பேட்டரியைத் தலைகீழாக வைத்துச் சார்ஜ் செய்வதும் தவறு.

8 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.8 ஆம்பியர் மின்னோட்டம் நல்லது. 2 ஆம்பியருக்கு மேல் போக வேண்டாம். டிராக்டர் பேட்டரி சார்ஜரில் மாட்டுவது பேட்டரியைக் கொல்வதற்குச் சமம். சார்ஜர் 14.4 முதல் 14.7 வோல்ட் வரை ஏற்றி, நிறைந்ததும் தானாக 13.5 முதல் 13.8 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும். அப்படித் தானாக இறங்காத சார்ஜரில் இரவு முழுவதும் போட்டு வைக்காதீர்கள். கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும்போது 14 வோல்ட்டே போதும். தொட்டால் சுடுகிறது, பக்கம் உப்புகிறது என்றால் உடனே இணைப்பை எடுத்துவிடுங்கள்.

வயலில் கவனிக்க வேண்டியது

8 ஆம்பியர்-மணி என்பது 0.4 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுக்கும் கணக்கு. மோட்டார் 2 ஆம்பியர் இழுத்தால் 4 மணி நேரம் வராது. மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வந்தால் சரிதான். பம்பின் ஓசை தளர்ந்து, தெளிப்பு மெலிந்தவுடன் நிறுத்திவிடுங்கள். ஓடும்போது 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவது கெடுதல். ஒவ்வொரு முறையும் முழுவதும் காலியாக்கினால் சுமார் 200 தடவைதான் உழைக்கும். பாதியோடு நிறுத்திச் சார்ஜ் செய்தால் அதுபோல் இரு மடங்கு உழைக்கும்.

மல்டிமீட்டர் சொல்லும் சேதி

விலை குறைந்த மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. சார்ஜ் முடித்து இணைப்பை எடுத்து, நான்கு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

12.8 வோல்ட்டும் அதற்கு மேலும்: முழுச் சார்ஜ்.
12.6: முக்கால்.
12.3: பாதி.
12.0: கால். உடனே சார்ஜ் தேவை.

முழு நேரம் சார்ஜ் செய்தும் 10.5 அருகிலேயே நின்றால் ஓர் அறை செத்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம். 12.7 காட்டியும் மோட்டாரைப் போட்டதும் சரிந்தால், தகடுகள் உப்புப் படிந்து கெட்டுவிட்டன.

பரணில் ஏற்றும் முன்

கடைசித் தெளிப்பு முடிந்ததும் முழுச் சார்ஜ் செய்யுங்கள். பேட்டரியின் ஒயர் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். முனைகளைத் துடைத்து லேசாக வாசலின் தடவுங்கள். மருந்து வாடை போக வெளிப்புறத்தை ஈரத் துணியால் துடைத்து, கொட்டகையில் அல்லாமல், வீட்டுக்குள் குளிர்ச்சியான இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி வையுங்கள். பிறகு ஓர் அமாவாசை விட்டு ஓர் அமாவாசை எடுத்து முழுச் சார்ஜ் போடுங்கள். இரண்டு மாதக் கணக்கு மறக்காமலிருக்க இது சுலபமான வழி.

மறந்து கிடந்த பேட்டரி கையில் இருந்தால், 0.4 ஆம்பியர் அளவில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மெதுவாகச் சார்ஜ் செய்து பார்க்கலாம். பிறகு டேங்கில் வெறும் தண்ணீர் நிரப்பி ஓட்டுங்கள். கால் மணியில் தளர்ந்தால் புதிது வாங்குவதே லாபம். இந்தச் சோதனையைப் பயிர் நட்டவுடன் செய்துவிட வேண்டும். புகையான் வந்த பிறகு செய்வதில் பயனில்லை.

புதிது வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் வேறு கேளுங்கள். அது கடையிலேயே பட்டினி கிடந்தது.

பழைய பேட்டரியை உடைக்காதீர்கள். ஏரியிலோ கால்வாயிலோ வீசாதீர்கள். ஈயம் கடும் நஞ்சு. அதே நீர்தான் நம் வயலுக்கும் மாட்டுக்கும் வருகிறது. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற 2001-லேயே மத்திய அரசு விதி வகுத்தது. 2022-ல் புதிய விதிகள் வந்துள்ளன. புதிது வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்தால், ஈயத்துக்கு மதிப்பு உண்டு என்பதால், விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.

விதைநெல்லை வண்டு அரிக்காமல் பார்த்துப் பார்த்து வைக்கிறோம். அதில் நூறில் ஒரு பங்கு கவனம் போதும், அடுத்த சம்பாவுக்கும் இதே பேட்டரி கைகொடுக்கும்.